கவரிங் ஒத்துக்கலையா? துணிப் பூ நகை தைத்துப் போடுங்க!

கல்யாண வீட்டுக்குப் போய் வந்த மூன்றாம் நாள். அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் மகள் கண்ணாடி முன்னால் நின்று கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண்.

"வேர்க்குருதான். பவுடர் போட்டாப் போயிடும்" என்றார் அண்ணி.

கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். வேர்க்குரு என்றால் கழுத்து, முதுகு என்று பரவலாக அல்லவா இருக்கும்? இவளுக்கு அப்படி இல்லை. கழுத்தைச் சுற்றி ஒரு கோடு போட்ட மாதிரி சிவந்து, தடித்து, சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள். காது மடலிலும் அதே கதை. கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்ட கவரிங் நெக்லஸும் ஜிமிக்கியும் எங்கெங்கே பட்டதோ, அங்கே மட்டும்!

"போன தீபாவளிக்கும் இப்படித்தான் வந்தது அத்தை. மெடிக்கல் ஷாப்புல ஒரு க்ரீம் வாங்கித் தடவினோம். போச்சு. இப்ப மறுபடியும் வந்திருக்கு" என்றாள்.

தோல் டாக்டரிடம் அழைத்துப் போனோம். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்: "நிக்கல் அலர்ஜி மாதிரி தெரியுது." முதுகில் பட்டை ஒட்டிப் பார்க்கும் பரிசோதனையும் செய்தார்கள். அதுதான் என்று உறுதியானது.

வெளியே வந்ததும் அவள் கண்ணில் தண்ணீர். "அத்தை, இனிமே நான் எதுவுமே போட்டுக்க முடியாதா? எல்லாரும் பட்டுப் பாவாடைக்கு மேட்ச்சா நகை போட்டுக்குவாங்க. நான் மட்டும் மொட்டைக் கழுத்தோட நிக்கணுமா?"

பதினைந்து வயசில் அது சின்ன விஷயம் இல்லைதானே? வீட்டுக்கு வந்ததும் பரண் மேலிருந்த என் தையல் மூட்டையை இறக்கினேன். ஜாக்கெட் தைத்து மிஞ்சிய துண்டு, சுடிதார் கைத் துண்டு, பழைய பருத்திப் புடவைக் கிழிசல்... எல்லாம் வண்ண வண்ணமாக இருந்தன. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தத் துணிப் பூ நகை. அவளுக்காகச் செய்து பார்த்து, தப்பும் செய்து, திருத்திக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், இந்த நிக்கல் என்ன செய்கிறது?

கவரிங், ஃபேன்ஸி நகைகளில் மேலே தங்க நிறப் பூச்சு இருக்கும். உள்ளே இருக்கிற உலோகத்திலோ, பூச்சுக்கு அடியிலோ பல நேரம் நிக்கல் இருக்கும். மேல்பூச்சு தேயத் தேய, நம் வேர்வை பட்டு நிக்கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தோலுக்குள் போகும். சிலருடைய உடம்பு அதை எதிரியாக நினைத்துக்கொண்டு சண்டைக்குத் தயாராகிவிடும். அதற்கப்புறம் எப்போது நிக்கல் பட்டாலும் அந்த இடத்தில் அரிப்பு, தடிப்பு, கொப்புளம். உலோகங்களால் வருகிற தோல் அலர்ஜியில் உலகம் முழுக்க முதலிடம் இந்த நிக்கலுக்குத்தான். பெண்களுக்கு அதிகம் வருகிறது. காது குத்திக்கொள்வதும், விதவிதமான ஃபேன்ஸி நகைகள் போட்டுக்கொள்வதும் முக்கியமான காரணங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ரெண்டு.

ஒன்று: அரிப்பு உடனே வராது. நகை போட்ட மறுநாளோ, ரெண்டு மூணு நாள் கழித்தோதான் தெரியும். அதனால்தான் நிறையப் பேர் நகையைச் சந்தேகப்படுவதே இல்லை. வேர்க்குரு, புது சோப்பு, கத்திரிக்காய் என்று வேறு எதையாவது குற்றம் சொல்வார்கள்.

இரண்டு: ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசு முழுக்க இருக்கும். க்ரீம் தடவினால் அப்போதைக்கு அடங்கும், அவ்வளவுதான். நிக்கல் தோலில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் நிஜமான வைத்தியம்.

மேல்நாட்டில் இதற்குச் சட்டமே உண்டு. தோலில் நேரடியாகப் படுகிற நகை, கைக்கடிகாரப் பட்டை, பொத்தான் போன்றவற்றிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோ கிராமுக்கு மேல் நிக்கல் வெளிவரக் கூடாது என்று ஐரோப்பிய யூனியன் 1994-ல் விதி கொண்டுவந்தது. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் மைக்ரோ கிராம். அதில் பாதி! அவ்வளவு துளியூண்டு நிக்கலே போதும் வேலையைக் காட்ட.

துணிப் பூ ஏன் நல்லது?

துணியில் உலோகம் இல்லை. பருத்தித் துணி வேர்வையை உறிஞ்சிக்கொள்ளும், உறுத்தாது, கனமில்லை. அழுக்கானால் துவைத்துப் போட்டுக்கொள்ளலாம். அதற்கும் மேலே, அந்தப் பாவாடைத் துணியிலேயே செய்தால் அதைவிட மேட்ச் எந்தக் கடையில் கிடைக்கும்?

இது ஒன்றும் புதுசு இல்லை. ஜப்பானில் சின்னச் சின்னச் சதுரப் பட்டுத் துண்டுகளை இடுக்கியால் மடித்து, இதழ் இதழாகச் சேர்த்து, தலையில் செருகிக்கொள்கிற பூ செய்வார்கள். 'சுமாமி' என்று பேர். கிள்ளுவது என்று அர்த்தமாம். எடோ காலத்திலிருந்து வருகிற கலை. இன்றைக்கும் 3 வயசு, 7 வயசுப் பெண் குழந்தைகளுக்காகக் கொண்டாடும் விழாவில் கிமோனோவோடு அந்தப் பூக்களை வைத்து அழகு பார்க்கிறார்கள். நாம் செய்யப்போவது அதைவிடச் சுலபம். ஊசி நூல் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

என்னென்ன வேண்டும்?

பருத்தித் துண்டுகள் (உள்ளங்கை அளவு இருந்தாலே போதும்), பழைய ஜீன்ஸ் துண்டு ஒன்று, வெளுத்த பழைய வேட்டி அல்லது லைனிங் துணி கொஞ்சம், ஊசி, அதே நிறத்தில் நூல், கத்திரிக்கோல், அளவு டேப், பென்சில். வட்டம் வரைய ஒரு காபி டம்ளரும், 2-6 அளவு வளையல் ஒன்றும்.

பசை? வேண்டவே வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வெட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை. புதுத் துணியாக இருந்தால் சோப்புப் போட்டு ரெண்டு தடவை அலசிக் காயவையுங்கள். புதுத் துணியில் சுருக்கம் விழாமல் இருக்க ரசாயனம் போட்டிருப்பார்கள். மிச்சச் சாயமும் இருக்கும். அதுவும் பாலியெஸ்டர் துணிகளில் போடுகிற சில சாயங்கள் வேர்வையோடு சேர்ந்து தனியாகவே அலர்ஜி கொடுக்கும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துண்டு கழுத்து நகைக்கு வேண்டாம்.

துவைத்த துண்டுகளைச் சாதம் வடித்த கஞ்சியில் (தண்ணீர் சேர்த்து) முக்கி, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டுவிட்டால் விறைப்பாக நிற்கும். இதழ் வாடாது, ஓரம் சீக்கிரம் பிரியாது.

முதல் பூ: சுருக்குப் பூ

இது ஆரம்பப் பாடம். சின்னப் பெண்கள்கூட ஒரு மதியத்தில் கற்றுக்கொள்வார்கள்.

1. காபி டம்ளரைக் கவிழ்த்துத் துணியின் உள்பக்கத்தில் வட்டம் வரைந்து வெட்டுங்கள். 8 செ.மீ. குறுக்களவு இருந்தால் சரி.

2. ஓரத்தை அரை செ.மீ. உள்பக்கமாக மடித்துக்கொண்டே, மடிப்பின் ஓரத்திலேயே ஓட்டுத் தையல் போட்டு வாருங்கள். நூல் ரெட்டையாக இருக்கட்டும். தையல் ரொம்பப் பொடியாக வேண்டாம். அரை செ.மீ.க்குக் கொஞ்சம் கூடவே இருக்கலாம். பொடியாகப் போட்டால் நடுவில் ஓட்டை பெரிசாகிவிடும்.

3. சுற்றி வந்ததும் நூலை இழுங்கள். சுருக்குப் பை வாய் மாதிரி மூடிக்கொள்ளும். ரெண்டு முடிச்சுப் போட்டு, உள்ளங்கையால் அமுக்கித் தட்டையாக்குங்கள்.

சுமார் மூன்றரை செ.மீ. அளவில் சுருக்கு மேலே தெரிகிற மாதிரி அழகான பூ தயார். நடுவில் ஒரு துணிப் பொத்தானோ மர மணியோ வைத்துத் தைக்கலாம்.

இரண்டாவது: ஐந்து இதழ்ப் பூ

1. 2-6 வளையலின் உள் வட்டத்தில் பென்சில் ஓட்டி ஐந்து வட்டங்கள் வெட்டுங்கள். அந்த வளையலின் உள் குறுக்களவு 6 செ.மீ. வரும்.

2. ஒரு வட்டத்தை நல்ல பக்கம் வெளியே தெரியும்படி பாதியாக மடியுங்கள். அரை நிலா கிடைக்கும். வளைந்த ஓரத்தில் மட்டும் ரெண்டு துணியையும் சேர்த்து ஓட்டுத் தையல் போடுங்கள். நூலை இழுத்தால் அது சுருங்கி ஒரு இதழ் ஆகிவிடும்.

3. நூலை வெட்டாமல் அடுத்த அரை நிலாவை அதே நூலில் கோத்துக்கொண்டே போங்கள். ஐந்தும் ஆனதும் இறுக்கி இழுத்து, கடைசி இதழை முதல் இதழோடு சேர்த்து முடிச்சுப் போடுங்கள்.

ஐந்து, ஐந்தரை செ.மீ. அகலத்தில் பூ மலர்ந்திருக்கும். நடுவில் ஒரு சின்னச் சுருக்குப் பூவைத் தைத்தால் ஓட்டை மறைந்துவிடும். மூன்று இதழ் ஒரு நிறம், ரெண்டு இதழ் வேறு நிறம் என்று வைத்தால் துணி பற்றாக்குறையும் தீர்ந்தது, பார்வைக்கும் நன்றாக இருக்கும்.

மூன்றாவது: ரோஜா

1. 30 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை. துணியைக் குறுக்கு வாட்டத்தில், அதாவது டெய்லர்கள் 'கிராஸ் பீஸ்' என்று சொல்வார்களே, அப்படி வெட்டினால் ரோஜா மென்மையாக வளையும். அவ்வளவு நீளம் இல்லையா? ரெண்டு துண்டை இணைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு சுருட்டலில் மறைந்துவிடும்.

2. நீளவாட்டில் ரெண்டாக மடியுங்கள். ரெண்டு முனைகளையும் மடிப்பிலிருந்து கீழே சரிவாக வெட்டிவிடுங்கள். திறந்த ஓரத்தில் ஓட்டுத் தையல் போட்டு, பட்டை 20 செ.மீ. ஆகும்வரை சுருக்குங்கள்.

3. ஒரு முனையிலிருந்து முதலில் இறுக்கமாக, போகப்போகத் தளர்வாகச் சுருட்டுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அடியில் ரெண்டு தையல் போட்டுக்கொண்டே வாருங்கள். எல்லாம் சுருட்டின பிறகு மொத்தமாகத் தைக்கலாம் என்று விட்டால் நடுப்பகுதி துருத்திக்கொண்டு வெளியே வந்துவிடும்.

சுமார் 4 செ.மீ. ரோஜா ரெடி.

மூன்றும் சேர்ந்து ஒரு நெக்லஸ்

நடுவில் ஒரு ஐந்து இதழ்ப் பூ, அதன் இருபுறமும் ஒவ்வொரு ரோஜா, கடைசியில் ஒவ்வொரு சுருக்குப் பூ. மொத்தம் ஐந்து.

ஜீன்ஸ் துண்டில் 18 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் பிறை மாதிரி லேசாக வளைந்த ஒரு பட்டை வெட்டுங்கள். பல தடவை துவைத்த பழைய ஜீன்ஸாக இருந்தால் ரொம்ப நல்லது. அதன்மேல் ஐந்து பூக்களையும் ஒன்றின் ஓரம் ஒன்றின்மேல் ஏறும்படி வைத்துப் பார்த்து, திருப்தியானதும் ஒவ்வொன்றையும் நாலைந்து இடத்தில் அழுத்தமாகத் தையுங்கள்.

கழுத்தில் கட்ட ரெண்டு நாடா வேண்டும். 3 செ.மீ. அகலம், 35 செ.மீ. நீளத்தில் ரெண்டு பட்டை வெட்டி, ஓரங்களை உள்ளே மடித்து, மறுபடி பாதியாக மடித்துத் தைத்துவிடுங்கள். பிறையின் ரெண்டு முனையிலும் ஒவ்வொன்றை வைத்துப் பலமாக இணையுங்கள்.

இப்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முடிச்சும் நூல் முனையுமாக இருக்கும். அப்படியே போட்டால் உறுத்தும். பிறையைவிட ஒரு செ.மீ. பெரிதாக வேட்டித் துணியை வெட்டி, ஓரத்தை மடித்து, மேலே வைத்து ஹெம்மிங் செய்துவிடுங்கள். தோலில் படுவது இந்தப் பக்கம்தான். ஜரிகை பார்டரோ, சமிக்கியோ, நைலான் துணியோ பின்பக்கம் வரவே கூடாது. பட்டுப் புடவைத் துண்டில் ஜரிகை இருந்தால் முன்பக்க இதழ்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்த தப்பு

அண்ணன் மகளுக்கு முதல் நெக்லஸை இப்படித்தான் செய்து கொடுத்தேன். ஆனால் நாடா கட்டினால் 'பாட்டி ஸ்டைல்' ஆகிவிடுமே என்று கடையில் ஒரு கொக்கி வாங்கிப் பின்னால் வைத்துத் தைத்துவிட்டேன். ஆசையாகப் போட்டுக்கொண்டாள்.

ரெண்டு நாள் கழித்து போன். "அத்தை, கழுத்து முன்னால ஒண்ணுமே இல்லை. ஆனா பின்னால, முடிக்கு அடியில, பொட்டு மாதிரி ஒரே இடத்துல அரிக்குது."

எனக்கு சுருக்கென்றது. அரை செ.மீ. கொக்கி! முன்பக்கம் முழுக்கத் துணி வைத்துவிட்டு, பின்னால் எதைத் தவிர்க்க வேண்டுமோ அதையே நானே தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்குத்தான் புரிந்தது. துணி நகை என்று பேர் வைத்தால் போதாது. அதில் ஒளிந்திருக்கிற உலோகத்தையும் தேட வேண்டும். எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்று பாருங்கள்.

கழுத்துக்கு: கொக்கி, டிச் பட்டன், செயின் எதுவும் வேண்டாம். நாடா முடிச்சு, அல்லது துணிப் பொத்தானும் நூல் காஜாவும் போதும்.

தலைக்கு: உலோகக் கிளிப்பைவிடத் துணி சுற்றிய ரப்பர் பேண்டில் பூவைத் தையுங்கள். பின்னலிலும் குதிரைவாலிலும் அழகாக நிற்கும்.

புடவைக்கு: ப்ரோச் மாதிரிக் குத்திக்கொள்வதானால் ஊக்கு தோள்பட்டையில் படாதபடி உள்ளே ஒரு துணி மடிப்பு வையுங்கள். இதோடு ஒன்று சொல்ல வேண்டும். தாலிக்கொடியிலும் வளையலிலும் ஊக்கு மாட்டி வைத்துக்கொள்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. மார்புப் பக்கம், மணிக்கட்டுப் பக்கம் விடாத அரிப்பு இருந்தால் முதலில் அந்த ஊக்குகளைக் கழற்றிப் பாருங்கள். தொப்புளுக்குக் கீழே அரிப்பா? ஜீன்ஸ் பொத்தானைச் சந்தேகப்படுங்கள்.

காதுக்கு: இதுதான் கஷ்டமானது. துணி ஜிமிக்கி என்று கடையில் விற்பதிலும் காதுக்குள் போகிற கம்பி உலோகம்தான். துளைக்குள் போகிற கம்பி ஒத்துக்கொள்கிற உலோகமாக இருக்க வேண்டும். வழக்கமாகப் போடுகிற 22 காரட் தங்க வளையம் ஒத்துக்கொள்கிறது என்றால், அதையே வைத்துக்கொண்டு ஒரு சின்னச் சுருக்குப் பூவின் மேல் நூல் வளையம் தைத்து அதில் தொங்கவிடுங்கள். கனமே தெரியாது. வெள்ளைத் தங்கம் என்கிற 'ஒயிட் கோல்டு' வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். சிலவற்றில் நிக்கல் கலப்பார்கள்.

நிக்கல் இருக்கிறதா என்று சந்தேகமா? அதற்கென்றே டைமெத்தில் கிளையாக்ஸைம் கலந்த பரிசோதனைத் திரவம் இருக்கிறது. பஞ்சில் தொட்டு உலோகத்தில் தேய்த்தால், நிக்கல் வெளிவருகிற பொருளாக இருந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாகிவிடும். நெயில் பாலிஷ் பூசிவிட்டுப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அது தேய்கிறவரைதான் காவல். நம்பி இருக்க முடியாது.

தைக்கிறவருக்கே நிக்கல் அலர்ஜி இருந்தால்? ஊசியின் மேல்பூச்சிலும் பெரும்பாலும் நிக்கல் உண்டு. விரலுக்கு பிளாஸ்டிக் திம்பிள் போட்டுக்கொள்ளுங்கள். உலோகத் திம்பிள் வேண்டாம். ஊசியைப் பல்லில் கடித்துக்கொள்கிற பழக்கம் யாருக்குமே வேண்டாம்.

பசை ஏன் வேண்டாம்?

"தைக்க யாருக்குப் பொறுமை? ரெண்டு சொட்டுப் பசை விட்டா முடிஞ்சுது!" என்பார்கள். கொஞ்சம் கேளுங்கள்.

நொடியில் ஒட்டுகிற அந்தப் பசையைப் பருத்தித் துணியில் விட்டால், ரெண்டும் சேர்ந்து திடீரென்று சூடு கிளம்பும். சில சமயம் புகைகூட வரும். மடியில் வைத்து ஒட்டும்போது உடுத்திய துணியில் கொட்டினால் தோல் வெந்துபோகிற அளவுக்குச் சூடாகும். பருத்தியும் அந்தப் பசையும் சேரவே கூடாது.

சூடான பசைத் துப்பாக்கி கையில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும். நைலான், ஆர்கன்ஸா துணி இதழ்களின் ஓரத்தை மெழுகுவத்தியில் காட்டி உருக்குவார்கள். உருகின சொட்டு விரலில் விழுந்தாலும் அதேதான். குழந்தைகளை வைத்துக்கொண்டு இதெல்லாம் வேண்டாமே.

ஒருவேளை சுட்டுவிட்டால், உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். பேஸ்ட், மை, மஞ்சள், இட்லி மாவு எதுவும் பூச வேண்டாம். ஒட்டிய பசையைப் பிய்த்து எடுக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

குழந்தைகளுக்குச் செய்யும்போது

மூன்று வயசுக்குள் இருக்கிற குழந்தைக்குக் கழுத்தில் எதையும் கட்டாதீர்கள். நாடா எங்கேயாவது மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கிவிடும். மணி, முத்து, பொத்தான் கையோடு வந்தால் நேராக வாய்க்குப் போகும், மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். அந்தச் செல்லத்துக்குப் பூவைச் சட்டையிலேயே, மணி வைக்காமல், கெட்டியாகத் தைத்துவிடுங்கள்.

பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு நாடா முடிச்சுக்குப் பதில் சின்ன வெல்க்ரோ துண்டு வையுங்கள். வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கம் வெளியே பார்த்திருக்கட்டும். விளையாட்டில் யாராவது இழுத்தால் அதுவே பிரிந்துவிடும். தூங்கும்போது கழற்றிவிட வேண்டும்.

தைக்க உட்காரும்போது எத்தனை ஊசி எடுத்தீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். எழுந்திருக்கும்போதும் எண்ணுங்கள். பாயில் விழுந்த ஊசி யார் காலில் ஏறும் என்று சொல்ல முடியாது.

தைக்கிறவர் கண்ணும் கழுத்தும்

ஆசையில் ஒரே மூச்சாக நாலு மணி நேரம் குனிந்து உட்கார்ந்தால் பிடரி பிடித்துக்கொள்ளும். மடியில் ஒரு தலையணை வைத்து வேலையை மேலே உயர்த்திக்கொள்ளுங்கள். வலதுகைக்காரர்களுக்கு வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வந்தால் கையின் நிழல் விழாது. 20 நிமிஷத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி, 20 அடி தூரத்தில் இருக்கிற எதையாவது 20 விநாடி பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஊசியில் நூல் கோக்கவே சிரமமாக இருந்தால் அது வெள்ளெழுத்து. வெட்கப்படாமல் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பூ வாடாமல் இருக்க

ஒருமுறை போட்டுக் கழற்றியதும் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். வேர்வை ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். காற்றாட ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள். அழுக்கானால் மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்து, பிழியாமல், துண்டில் ஒற்றி எடுத்து நிழலில் காயவையுங்கள். இதழ்களைக் கையால் நீவிவிட்டால் பழையபடி நிற்கும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அந்துருண்டை வேண்டாம். ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக இருக்கிற குழந்தைகளுக்கு அதன் நெடியே ரத்த அணுக்களைச் சிதைத்துவிடும்.

இதை மட்டும் மறக்காதீங்க!

அரிப்பு வந்த இடத்தில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய க்ரீமைத் தடவாதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். வந்தது படர்தாமரையாக இருந்தால் அது அடங்கின மாதிரி அடங்கி, உள்ளுக்குள் பரவிவிடும். தொடர்ந்து தடவினால் தோலும் மெலிந்துபோகும்.

கொப்புளத்தில் நீர் வடிந்தாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ, முகம் கண் வீங்கினாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாவிட்டால் தோல் டாக்டரிடம் 'பேட்ச் டெஸ்ட்' கேளுங்கள். முதுகில் மருந்துப் பட்டைகளை 48 மணி நேரம் ஒட்டி வைத்து, எடுத்தபிறகும் ரெண்டொரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். ஊசி கிடையாது, வலிக்காது. அதுவரை முதுகில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

புதுத் துணியில் நகை தைக்குமுன் அதே துணியில் ஒரு பட்டை தைத்து மணிக்கட்டில் ரெண்டு நாள் கட்டிப் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் தைரியமாகக் கழுத்துக்குப் போகலாம்.

கொக்கியைப் பிரித்து எடுத்துவிட்டு, நாடா வைத்து மறுபடி தைத்துக் கொடுத்தேன். தை மாதத்தில் அவள் சிநேகிதியின் அக்கா கல்யாணம். மாம்பழ நிறப் பாவாடை, அதே துணியில் ஐந்து பூ, பின்னால் பட்டாம்பூச்சி மாதிரி நாடா முடிச்சு. "எங்கே வாங்கினே?" என்று நாலு பேர் கேட்டார்களாம்.

நானும் அண்ணியும் அதற்கெல்லாம் அசையவில்லை. மூன்று நாள் காத்திருந்தோம். மூன்றாம் நாள் சாயங்காலம் முடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நல்லாப் பாருங்க அத்தை" என்று முதுகைக் காட்டி நின்றாள். டியூப்லைட் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் பார்த்தேன்.

கழுத்து பளிச்சென்று இருந்தது.

"அப்ப அடுத்த பாவாடைத் துணியில மிச்சம் இருக்கில்ல?" என்றாள்.